ஆறு கிலோவுக்குள் பாஞ்சாலி

பாஞ்சாலி என்ற பெயரை ஜெயலட்சுமி முதன்முதலில் கேட்டது ஜோகுபாளையத்துத் தெருக்குழாயடியில், முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால். தம்பி சந்திரனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த சமயம் அது. அம்மாவுக்குப் பெரியம்மா மகள் குட்டியம்மா, கோலார் தங்கவயலில் மாரிக்குப்பத்தில் வாக்கப்பட்டவள், காலை ரயிலைப் பிடித்து வந்து இறங்கியிருந்தாள். "பொண்ணு பேரு பாஞ்சாலி. கையில எத குடுத்தாலும் எடை சொல்லிடும்" என்றாள். எதற்கு முதலில் திடுக்கிடுவது என்று ஜெயலட்சுமிக்குத் தெரியவில்லை. குடம் நிரம்பி வழிந்து பாதத்தை நனைத்தது.

"அஞ்சு புருசங்காரி பேரையா பெத்த புள்ளைக்கு வப்பாங்க?"

"தர்மராஜா கோயில்ல வேண்டிப் பெத்த புள்ளடி அது. நீ சும்னே இரு" என்று குட்டியம்மா அதட்டினாள்.

பெண் பார்க்கப் போனார்கள். பாக்கு, பழம், பூவோடு தாம்பாளத்தை ஜெயலட்சுமியின் அம்மா நீட்ட, குனிந்த தலை நிமிராமல் வாங்கிக்கொண்ட பெண், "ரெண்டே கால் கிலோ" என்று வாய்க்குள் சொன்னது சபைக்கே கேட்டது. அவளுடைய அம்மா ஆண்டர்சன்பேட்டையில் தள்ளுவண்டியில் காய்கறி விற்றவள். படிக்கல்லை யாரோ களவாடிக்கொண்டு போன வருடத்தில், மகளின் கையே படிக்கல்லானது. அப்படிப் பழகிய கை.

கல்யாணமாகி வந்த வீட்டுக்கு அந்தக் கைதான் இன்றைக்கும் சோறு போடுகிறது. பழைய பேப்பர், பாட்டில், இரும்பு வாங்குகிற குஜிரி கடையில் இருபத்திரண்டு வருடமாகப் பாஞ்சாலி எடை போடுகிறாள். கடையில் மின்தராசு இருக்கிறது. ஆனாலும் பேப்பர் கொண்டுவருகிறவர்கள் முதலில் கட்டை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் தராசில் வைப்பார்கள். பத்து கிராம் இப்படி அப்படி இருக்கும், அதற்கு மேல் போகாது. எடை சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வாள். உதடு லேசாகக் குவியும். கறிக்கடையில் கையை நீட்டினால் கடைக்காரரே இன்னொரு துண்டு போட்டுவிடுவார். பேரக்குழந்தையைத் தூக்கினால் கொஞ்சுவதற்கு முன்னால் எடைதான் வரும். ஒருமுறை சாவு வீட்டில் மாலையை வாங்கியதும் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அன்றைக்கு ஜெயலட்சுமிக்கு வந்த கோபம் பதினாறாம் நாள் வரை தணியவில்லை.

இதெல்லாம் பழகிவிட்டது. போன கார்த்திகையில் அவள் சொன்னதுதான் ஜெயலட்சுமியைத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணி, நான் பனிமலைக்குப் போறேன். பன்னெண்டு நாளு. டென்ட்டுல படுக்கணும்."

ஐம்பத்தாறு வயது. வலது முட்டி மாடிப்படியில் கடக்கடக்கென்று பேசும். அதற்கு முந்தின வருடம்தான் நெஞ்சில் சளி கட்டி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த ஒன்பது நாளும் கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்திருந்தது ஜெயலட்சுமி.

"உனக்குப் பேய் கீய் புடிச்சிருக்கா? அங்க இன்னாடி வச்சிருக்கு?"

"ஒவ்வொரு ஜனவரியும் பழைய காலண்டரா வருது அண்ணி. எல்லாத்துலயும் அந்த மலைதான். இருபத்திரண்டு வருசமா மலைய கிலோ கணக்குல எடை போட்டுக் கட்டுறேன். ஒருக்கா நேர்ல பாத்துட்டு வந்துடறேன்."

அல்சூர் ஏரியைச் சுற்றிக் காலையில் நடக்கிற பெண்கள் ஏழு பேர் சேர்ந்து போட்ட திட்டம் அது. தலைவி பிரேசர் டவுன் மௌரீன் மிஸ், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கூடாரமும் அரிசி பருப்பும் கோவேறு கழுதை மேல் போகும், படுக்கையும் துணிமணியும் அவரவர் முதுகில் என்று ஏற்பாடு. பழகிப் பார்க்க சாவன்துர்கா மலைக்குப் போனபோது, எட்டரைக் கிலோ பையோடு ஏறிய பாஞ்சாலியின் முட்டி பாதி வழியில் பன் ரொட்டி மாதிரி வீங்கிவிட்டது. இறக்கிக் கொண்டுவந்து சேர்த்த மௌரீன் மிஸ் வாசலில் நின்று தீர்ப்பு சொன்னார்.

"ஆறு கிலோ, பாஞ்சாலி. கிளம்புற அன்னிக்கு ஸ்டேஷன்ல உன் பைய நானே தராசுல மாட்டுவேன். ஆறுக்கு மேல ஒரு கிராம் இருந்தாலும் நீ ஆட்டோ புடிச்சி வீட்டுக்குப் போயிடணும். கோச்சுக்கக் கூடாது."

பையில் பெரிய சுமை படுக்கைதான். உள்ளே நுழைந்து படுக்க வாடகைக்குக் கிடைத்த தூக்கப்பையைத் தூக்கிப் பார்த்து, "ஒண்ணே முக்கா. இது வந்தா நான் வரல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அப்புறம்தான் இந்திராநகர் நூறடி ரோட்டில் ஒரு மலையேற்றக் கடைக்கு ஜெயலட்சுமியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கடையில் இருந்தவர் ரயான். மரியாதையான பிள்ளை. எவ்வளவு குளிருக்கு வேண்டும் என்று விசாரித்தார்.

"தண்ணி கட்டியாப் போற குளிரு தம்பி."

அவர் ஒரு போர்வையை உதறி விரித்தார். கட்டம் கட்டமாக உப்பி, மேகம் மாதிரி தரையில் இறங்கியது. "வாத்தோட மெல்லிறகு ஆன்ட்டி. இதவிட லேசா சூடு குடுக்கறது எதுவும் இல்ல."

ஜெயலட்சுமி கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "வாத்து மயிரயா போத்திக்கப் போற?" அதோடு விடவில்லை. போர்வையைப் புரட்டிப் பார்த்தாள். கால் பக்கம் மட்டும் பை போல மூடியிருந்தது. முதுகுப் பக்கம் திறந்தே கிடந்தது. "ஏம்பா, அடியில துணியே காணோமே! தைக்க மறந்துட்டாங்களா?"

"அடியில வேணாம் ஆன்ட்டி. நாம மேல படுத்தா இறகு நசுங்கிடும். நசுங்கின இறகுல சூடு நிக்காது, வெறும் பாரம். கீழ குளிர் வராம பாத்துக்கறது காத்தடிச்ச பாயோட வேல."

பாஞ்சாலிக்கு உடனே பிடிபட்டது. "அட்டப்பெட்டி மாதிரிதான் அண்ணி. பிரிச்சிக் கெடந்தா உள்ள காத்து இருக்கும். மிதிச்சிட்டா போயிடும். காத்து போனா சூடும் போச்சி."

மூன்று போர்வைகளைக் கொண்டுவரச் சொன்னாள். ஒவ்வொன்றையும் பையோடு வாங்கி, கண்ணை மூடிக்கொண்டாள். செயற்கைப் பஞ்சு திணித்தது ஒன்று: "ஒரு கிலோ நூறு." இறகு கூடுதலாக அடைத்தது ஒன்று: "தொள்ளாயிரம்." மூன்றாவதன் சீட்டில் ஐந்நூற்றுத் தொண்ணூறு கிராம் என்று போட்டிருந்தது. அதை மட்டும் இரண்டு தரம் ஏந்திப் பார்த்தாள்.

"அறுநூத்தி நாப்பது."

ரயான் சிரித்துக்கொண்டே தராசில் வைத்தார். சிரிப்பு நின்றது. அறுநூற்று நாற்பத்தொன்று. வாயைத் திறந்தபடி அவளையும் தராசையும் மாற்றி மாற்றிப் பார்த்தவர், போர்வையை அதன் பையிலிருந்து உருவித் தனியாக நிறுத்துப் பார்த்தார். ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

"சாக்கோட எடையைக் கழிச்சிச் சீட்டு எழுதியிருக்காங்க. நாங்களும் அப்படித்தான்" என்ற பாஞ்சாலி, பையைத் திருப்பிக் கொடுத்தாள். "இத நீங்களே வச்சிக்குங்க. எனக்குப் போர்வை மட்டும் போதும்."

அடுத்து அவள் செய்ததை ஜெயலட்சுமி கண் கொண்டு பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாலு பேர் வந்துபோகிற கடையில், விளக்கு வெளிச்சத்தில், பாயை விரிக்கச் சொல்லிப் படுத்துவிட்டாள்! போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, வீட்டில் புரளுகிற மாதிரியே இடம் வலமாக மூன்று தரம் புரண்டாள். மூன்றாவது புரளலில் முதுகுப் பக்கம் விலகியது. "இங்க குளிரு வரும்" என்றாள் படுத்தபடியே. ரயான் பாயோடு சேர்த்துக் கட்டும் பட்டைகளை மாட்டிக் காட்டினார். அகலம் கூடிய ஒன்றையும் கொண்டுவந்தார். நாற்பது கிராம் கூடுதல். பாஞ்சாலி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தாள். கடைசியில் அகலமானதையே எடுத்தாள். "பொரளுற உடம்பு. நாப்பது கிராம சோப்புல புடிச்சிக்கலாம்."

விலைச் சீட்டைப் பார்த்த ஜெயலட்சுமி பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடிப்பாவி, இதுக்கு ஒரு ஃபிரிட்ஜே வாங்கலாமேடி!"

"ஃபிரிட்ஜுல குளிருதான அண்ணி வரும்."

வீட்டில் அதற்கப்புறம் நடந்தது இன்னொரு கூத்து. பல் தேய்க்கிற பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்தாள். சோப்பைக் கத்தியால் துண்டு போட்டாள். ஸ்வெட்டரில் தைத்திருந்த கம்பெனிச் சீட்டைப் பிரித்து எறிந்தாள். கடைசியில் பை ஐந்து கிலோ தொள்ளாயிரத்துத் தொண்ணூறில் வந்து நின்றது. பத்து கிராம் மிச்சம் என்று சந்திரனிடம் சொல்லி, பத்து வயது குறைந்தவள் போலச் சிரித்தாள்.

ஜெயலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, பாஞ்சாலி கடைக்குப் போன நேரம் பார்த்து, அந்தப் போர்வையை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தாள். மடியில் ஒன்றுமே இல்லை போல இருந்தது. முதுகுப் பக்கம் துணியில்லாத ஒன்றைப் போர்த்திக்கொண்டு பனியில் படுக்கப் போகிறவளின் இருமல் காதில் கேட்டது. நேரே போய்ச் சிவப்பு ஃபிளானல் துணி வாங்கிவந்தாள். பழைய சேலைகளை அடுக்கிப் போர்வை தைத்துக் கொடுப்பதில் அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் உண்டு. ஃபிளானலைப் போர்வைக்கு அடியில் வைத்தாள். சேலைப் போர்வையில் அடுக்கு நழுவாமலிருக்க எப்படித் தைப்பாளோ அப்படியே, சாணுக்கு ஒரு வரிசை, மேலிருந்து கீழாக, கோணி ஊசியால் ஓட்டுத்தையல் போட்டு முடித்தாள். பழையபடி சுருட்டிப் பைக்குள் வைத்தாள். கனத்தது. மனசு லேசானது.

சாயந்திரம் வந்த பாஞ்சாலி பையை ஓரமாக நகர்த்தத் தூக்கினாள். கை அந்தரத்தில் நின்றது.

"அண்ணி, பை ஏறியிருக்கு."

"பை எப்படிடி ஏறும்?"

"அரைக் கிலோவுக்கு மேல."

பிரித்தாள். ஒரு வெள்ளை இறகு எழும்பி மின்விசிறிக் காற்றில் சுற்றியது. பின்னால் இன்னொன்று. ஊசி போன ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் மெல்லிறகு எட்டிப் பார்த்தது. போர்வையை விரிக்க விரிக்க அறையே பறந்தது. ஜெயலட்சுமி சுவரோடு ஒட்டி நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தாள். பாஞ்சாலி திட்டவில்லை. கண்ணை மூடினாள், உதடு குவிந்தது, எடை வரவில்லை. இத்தனை வருடத்தில் அந்தக் கை ஊமையாகி ஜெயலட்சுமி அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"பின்னாடி குளிருமேன்னு..." என்று முனகிக்கொண்டே ஜெயலட்சுமி பறக்கிற இறகைப் பிடிக்கப் போனாள்.

பாஞ்சாலி ரயானுக்குப் போன் போட்டாள். "பதறாதீங்க ஆன்ட்டி. வர்ற இறகை வெளிய இழுக்காதீங்க. மறுபக்கத்துலேந்து புடிச்சி உள்ள இழுங்க. ஓட்டைய நகத்தால தேய்ங்க, துணி தானா மூடிக்கும். மூடாததுக்கு ஒட்டுத் துணி தரேன்."

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, போர்வையின் ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். பாஞ்சாலி பிளேடால் நூல் நூலாகப் பிரிக்க, ஜெயலட்சுமி ஓட்டை ஓட்டையாகத் தேய்த்தாள். வியர்வையில் இறகு மூக்கிலும் புருவத்திலும் ஒட்டியது. "அண்ணி, இப்பதான் நீ வாத்து" என்று பாஞ்சாலி சொன்னபோதுதான் ஜெயலட்சுமிக்கு மூச்சே வந்தது.

பொழுது சாயும்போது பாஞ்சாலி போர்வையைக் கையில் ஏந்திக் கண்ணை மூடினாள். "இறகு போனதும் ஒட்டு வந்ததும் சரிக்குச் சரி." பை மறுபடி பழைய எடைக்கே வந்தது.

ஒதுக்கிப் போட்டிருந்த சிவப்பு ஃபிளானலை ஜெயலட்சுமி கூச்சத்தோடு மடிக்கப் போனாள். பாஞ்சாலி அதை வாங்கி, கழுத்தைச் சுற்றிவர ஒரு பட்டை வெட்டினாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இருபது கிராம். பையில் மிச்சம் இருந்தது பத்துதான். பையைத் திறந்து துழாவி, தன் சீப்பை எடுத்து ஜெயலட்சுமியின் மடியில் போட்டாள்.

"பன்னெண்டு நாளும் தலைய இன்னாடி பண்ணுவ? பாக்கறவங்க பயந்துக்கப் போறாங்க!"

பாஞ்சாலி பட்டையைக் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டு, இருமிப் பார்த்துக்கொண்டு, அவிழ்த்துப் பைக்குள் வைத்தாள்.

ஸ்டேஷனில் மௌரீன் மிஸ் பையைத் தராசில் மாட்டினார். எண்ணைப் பார்த்துவிட்டு, பையைப் பாஞ்சாலியின் முதுகில் ஏற்றிவிட்டார். இந்நேரம் ரயில் நாக்பூரைத் தாண்டியிருக்கும். பாஞ்சாலி அதில் கீழ்ப் படுக்கையில் இருக்கிறாள், தலை வாரச் சீப்பில்லாமல்.