பந்தலைப் பிரிக்கச் சொன்னார்கள்

என் அக்காவின் அவரைப் பந்தலைப் பிரித்துப் போட வேண்டும் என்று ஊரில் பேசி முடித்துவிட்ட செய்தி, நான் வேலைக்குப் போகும் ரயிலில் எனக்கு வந்தது. திருத்தணியில் ஏறி உட்கார இடம் கிடைத்த அபூர்வமான காலை அது. வண்டி மணவூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. முதல் நாள் அக்கா வாட்ஸ்அப்பில் இலைப் படங்களாக அனுப்பித் தள்ளியிருந்தாள். அன்றைக்குக் குரல் பதிவு மட்டும். அதில் அழுகை இல்லை. கோபம் இருந்தது.

அக்காவுக்கு ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் நிலம். எங்கள் பக்கத்துப் பேச்சில் கொல்லை. அவள் வீட்டுக்காரர் விசைத்தறிக்கு ஷிப்ட் போகிறவர். நிலத்தைப் பார்ப்பதெல்லாம் அக்காதான். ஓரத்தில் பந்தல் போட்டு அவரைக் கொடி ஏற்றியிருந்தாள். வரப்புக்கு அந்தப் பக்கம் அவள் வீட்டுக்காரரின் பெரியப்பா மகனுடைய நிலம். அக்கா அவரைப் 'பாவா' என்று கூப்பிடுவாள். கேட்டுக் கேட்டு எனக்கும் அவர் பாவாதான். அவர் அந்த வருஷம் கடையில் விதை வாங்கிக் காராமணி போட்டிருந்தார். ஊரில் இன்னும் சிலரும் அதே காராமணியை அதே கடையில் வாங்கி விதைத்திருந்தார்கள்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து, பஸ்கள் பழையபடி ஓடத் தொடங்கிய சமயத்தில் அக்காவின் கொடியில் மஞ்சள் வந்தது. கொஞ்ச நாளில் பாவாவின் காராமணியும் சுருண்டது. விதை விற்ற கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, பக்கத்துப் பந்தலில் மருந்தே அடிக்கவில்லை, வெள்ளை ஈ அங்கிருந்துதான் வந்து பரப்பியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். ஒரு பெண் தனியாக விவசாயம் பார்த்தால் இப்படித்தான் ஆகும் என்பது வரை பேச்சு வளர்ந்தது. பந்தலைப் பிரித்துக் கொளுத்திவிட வேண்டும் என்று முடிவானது. அக்காவின் வீட்டுக்காரர் பங்காளிகளோடு சண்டை வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தார்.

குரல் பதிவில் அக்கா சொன்னது இவ்வளவுதான். "என் கொடிக்கு நோவு வந்துக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா அவுங்க கொல்லைக்கு நான்தான் குடுத்தேன்னு இன்னா நிச்சயம்? நீ இதுக்குத்தானே படிச்சிக்கினு கீற, வந்து பாரு."

நான் படித்தது அதற்குத்தான். செடிகளுக்கு வரும் வைரஸ்களைச் சோதித்துச் சொல்லும் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறேன். சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் என்னை "இலைக்கு டெஸ்ட் எடுக்கிற பொண்ணு" என்று அறிமுகப்படுத்துவார்கள். சிரிப்பார்கள். சொந்த ஊர்ப்பக்கத்துச் செடி ஒன்றைக் கூட அதுவரை நான் சோதித்ததில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அக்காவின் பந்தலில் இலைகள் மஞ்சள் தண்ணீரைத் தெளித்த மாதிரி பளீரென்று திட்டுத் திட்டாக இருந்தன. ஒரு கொடியைத் தட்டினேன். வெள்ளை ஈக்கள் மாவு பறப்பது போலக் கிளம்பின. இது மஞ்சள் தேமல் நோய், சந்தேகமே வேண்டாம் என்று தோன்றியது. அக்காவிடம் அதை மறைக்காமல் சொன்னேன்.

பிறகு வரப்பைத் தாண்டினேன். அங்கே வேறு முகம். காராமணி இலைகளில் அந்தப் பளீர் மஞ்சள் இல்லவே இல்லை. நரம்பை ஒட்டிக் கரும்பச்சை, நடுவில் வெளிறிய பச்சை. இலைப்பரப்பு கொப்புளம் கொப்புளமாக எழும்பி, ஓரம் கீழே வளைந்திருந்தது. அதைவிட என்னை நிற்க வைத்தது, நோய் வந்த செடிகள் நின்ற இடம். அக்காவின் வரப்பை ஒட்டி அதிகமும் தூரத்தில் குறைவுமாக இருந்திருந்தால் கடைக்காரர் சொன்னதில் நியாயம் உண்டு. அப்படி இல்லை. கொல்லை முழுக்க, அந்தக் கடைசி வரை, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தது. யாரோ விதையோடு சேர்த்துத் தூவியது போல.

பாவா மோட்டார் கொட்டகைக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். விதைத்த பிறகு விதை மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டார். முளைக்க வைத்துப் பார்க்க என்றேன். உள்ளே போய்ப் பையோடு கொண்டுவந்து என் கையில் திணித்தார்.

"எடுத்துகினு போ. நீ இன்னா பண்ணாலும் பந்தல பிரிக்கத்தான் போறாங்க."

"பார்க்கலாம் பாவா," என்றேன்.

இரண்டு கொல்லையிலும் பறித்த இலைகளோடு மறுநாள் போனபோது, ஆய்வுக்கூடத்தில் எங்கள் தலைவர், ஆராய்ச்சித் திட்டத்துக்கு வெளியே இருந்து வரும் இலைகளை உள்ளே எடுக்க முடியாது என்றார். ஒவ்வொரு ஊர்ச் சண்டைக்கும் நாம் சாட்சி சொல்லப் போனால் வேலை நடக்காது என்றும் சொன்னார். நோயைக் கண்டுபிடிப்பதற்குத்தானே இந்த இடம், கண்டுபிடிக்காமல் ஒருத்தியின் கொல்லையை அழிக்கப் போகிறார்களே என்று நான் கேட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, உணவு இடைவேளையில் மிச்சமிருக்கும் சோதனை மருந்துகளை வைத்துச் செய்துகொள் என்றார். ஆனால் கூடத்தின் பெயர் போட்ட தாள் எதுவும் வெளியே போகக் கூடாது. சரி என்றேன். எனக்குத் தாள் தேவைப்படவில்லை. உண்மை தேவைப்பட்டது.

அக்காவின் இலையையும் பாவாவின் இலையையும் தனித்தனியாக அரைத்தேன். கொரோனா காலத்தில் ஊரெல்லாம் கேள்விப்பட்ட அதே பிசிஆர் சோதனையில், அக்காவின் அவரை இலையில் மஞ்சள் தேமல் வைரஸ் தெரிந்தது. பாவாவின் காராமணியில் அதன் சுவடே இல்லை. இன்னொரு சோதனை உண்டு. சின்னக் குழிகள் உள்ள தட்டில் இலைச்சாறை விட்டு, தேடுகிற வைரஸ் இருந்தால் திரவம் நிறம் மாறும்படி செய்வது. அதில் காராமணிக் குழிகள் எல்லாம் நிறம் மாறின. அக்காவின் குழிகள் வெறும் தண்ணீராகவே நின்றன. நான் தவறு செய்திருக்கலாம் என்று மறுபடி முதலிலிருந்து செய்தேன். அதே விடை. இரண்டும் வேறு வேறு வைரஸ். ஒன்று வெள்ளை ஈ சுமந்து வருவது. அதிலும் இந்த வகை அவரையோடு நின்றுவிடும், காராமணிக்குப் போகாது. மற்றது அசுவினிப் பூச்சி செடிக்குச் செடி பரப்புவது. முக்கியமாக, விதைக்குள்ளேயே குடியிருந்து அடுத்த பயிருக்கு வருவது.

விதைக்குள் இருந்தது என்பதைக் காட்ட வேண்டும். திருத்தணியில் எங்கள் வாடகை வீட்டின் மொட்டை மாடியில் தொட்டிகளை வைத்தேன். கிருமி எதுவும் இருக்கக் கூடாது என்று மண்ணைக் குக்கரில் வேகவைத்ததைப் பார்த்து வீட்டுக்காரம்மா, நல்ல சோறு வடிக்கிற குக்கராச்சே என்று வருத்தப்பட்டார். பாவா கொடுத்த விதைகளை ஊன்றி, நுண்வலையை நாலு பக்கமும் இழுத்துக் கட்டினேன். ஒரு பூச்சி உள்ளே போக வழி இல்லை. காலையில் ரயிலுக்கு ஓடுவதற்கு முன்னால் ஏறிப் பார்ப்பேன். முளைத்தன. இரட்டை இலை விரிந்தது. அடுத்து வரும் மூன்றிலைக் கொத்துக்காகக் காத்திருந்தேன். அது விரிந்தபோது பெரும்பாலான செடிகள் சுத்தமாக இருந்தன. சில செடிகளில் மட்டும் நரம்போரம் அந்தக் கரும்பச்சை, நடுவில் வெளிறல், கொப்புளம். வலையின் வழியாக அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஒரு நோயைப் பார்த்து யாராவது சந்தோஷப்படுவார்களா? நான் பட்டேன்.

அக்கா பிடிவாதமாகப் பிரிக்காமலே இருந்ததால், பந்தல் விஷயத்தை முடிக்க ஊரில் பால் சொசைட்டி கொட்டகையில் கூடினார்கள். நான் வலை போர்த்திய தொட்டிகளைப் பெரிய கட்டைப்பையில் வைத்து, டவுன் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். வலையை எங்கேயும் திறக்கவில்லை. அந்தச் செடியைக் கடித்த ஒரு அசுவினி போதும், ஊருக்கு நானே நோயைக் கொண்டுபோனவள் ஆகிவிடுவேன்.

கடைக்காரரையும் பாவா வரவழைத்திருந்தார். அவர் முன்பு சொன்னதையே திரும்பச் சொன்னார். வெள்ளை ஈ, மருந்து அடிக்காத பந்தல், அக்கறையில்லாத விவசாயம். எல்லாரும் தலையாட்டினார்கள். அக்கா கொட்டகைத் தூணை ஒட்டி நின்றிருந்தாள். பெண்கள் யாரும் பேச வேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை.

நான் தொட்டிகளை நடுவில் வைத்தேன். இது பாவா கொடுத்த விதை, இது வெந்த மண், இது பூச்சி புகாத வலை என்று சொன்னேன். வீட்டில் ரெண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தால் ஒருவருக்கு டெங்கு, இன்னொருவருக்கு டைபாய்டு இருக்கலாம், பக்கத்தில் படுத்ததால் இவர் கொடுத்தது என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். அக்காவின் கொடிக்கும் நோய் இருக்கிறது, அது வேறு நோய், அது காராமணியைத் தொடாது என்றேன்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க கவர்மெண்ட் ஆபீசருங்களா? இதுக்கு எதுனா பேப்பர் வச்சினு கீறீங்களா?"

"பேப்பர் இல்லீங்க. செடி இருக்குது."

வலையில் ஓட்டை இருந்திருக்கும் என்றார். தொட்டியை அவர் பக்கம் தள்ளினேன். "உங்க கடைல இதே மூட்டை மிச்சம் கீதில்ல. நீங்களே வலை கட்டி மொளைக்க வச்சிப் பாருங்க. எனக்கு வந்தது உங்களுக்கும் வரும். வரலைன்னா நான் இதே எடத்துல வந்து தப்புன்னு சொல்றேன்."

செல்போன் அடித்தது என்று அவர் எழுந்து வெளியே போனார். போன் அடித்ததாக எனக்கு நினைவில்லை.

அப்போது அக்கா தூணை விட்டு முன்னால் வந்தாள். "பாவா, உங்க கொல்லைய என் பந்தல் கெடுத்திருந்தா நானே பிரிச்சிப் போட்டிருப்பேன். அது கெடுக்கல. இனிமே பந்தல பிரின்னு யாரும் என் வூட்டாண்ட வராதீங்க." தன் வீட்டுக்காரரையும் ஒரு பார்வை பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

பாவா குனிந்து ஒரு தொட்டியைக் கையில் எடுத்தார். வலைக்கு வெளியே இருந்தே அந்தக் கொப்புள இலையை நெடுநேரம் பார்த்தார். அவர் கத்துவார் என்றுதான் நினைத்தேன். "அடுத்த போகத்துக்கு இதுலயே வெதை எடுக்கலாம்னு இருந்தேன்," என்றார் மெதுவாக.

"எடுக்காதீங்க பாவா. எடுத்தா அடுத்த வருஷமும் இதேதான் மொளைக்கும்."

"ஆங்," என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை. கூட்டம் முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லாமலேயே முடிந்தது. தொட்டிகளை அங்கேயே கொட்டி, செடி, வலை எல்லாவற்றையும் கொளுத்திவிட்டுத்தான் நான் கிளம்பினேன்.

கடைக்காரர் முளைக்க வைத்துப் பார்த்தாரா என்று தெரியாது. ஆனால் அந்த மூட்டைகள் கடையிலிருந்து காணாமல் போயின. விதைத்தவர்களுக்கு வேறு விதை கொடுத்தார், ஏன் என்று சொல்லாமல். பாவா தன் காராமணியை மடக்கி உழுதார். அதே விதையைப் போட்ட மற்றவர்களிடமும் போய், எடுத்து வைக்காதே என்று அவரே சொல்லிக்கொண்டு வந்ததாக அக்கா சொன்னாள்.

அக்காவுக்கு ஒன்றும் பெரிய வெற்றி இல்லை. சின்னதிலேயே நோய் கண்ட கொடிகளைத் தன் கையால் பிடுங்கினாள். ஊர் சொல்லி அல்ல, செடியைப் பார்த்து. முற்றிய பிறகு மஞ்சள் வந்தவற்றை விட்டுவைத்தாள். அவை கொஞ்சம் காய்த்தன. கோணலும் சூம்பலுமாகத்தான். அதையும் கூடையில் போட்டு, திருத்தணி மார்க்கெட்டில் தானே உட்கார்ந்து விற்றாள். பக்கத்துக் கடைக்காரம்மா, இந்தக் காயையா கொண்டாந்த என்று கேட்டதற்கு, நோவோட போராடின காயி, வேணும்னா வாங்கு என்றாளாம்.

எனக்கும் ஒரு வம்பு வந்தது. கடைக்காரர் எங்கள் கூடத்துக்குப் போன் செய்து, உங்கள் ஆள் வந்து வியாபாரத்தைக் கெடுத்தாள் என்று புகார் சொல்லியிருந்தார். தலைவர் என்னைக் கூப்பிட்டு, அவரிடம் வருத்தம் தெரிவித்து ஒரு வார்த்தை பேசிவிடு, முடிந்துபோகும் என்றார். நான் சொன்னதில் எது தவறு என்று கேட்டேன். தவறு இல்லை, சொன்ன இடம்தான் தவறு என்றார். நோய் இருந்த இடத்தில்தான் சார் சொன்னேன் என்றேன். பேசவில்லை, பேசவும் மாட்டேன் என்பதையும் சொன்னேன்.

கொஞ்ச காலம் என்னை மிளகாய்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். மிளகாய்க்கும் வைரஸ் வருகிறது. எனக்கு வேலைக்குக் குறைவில்லை. மாலை ரயிலில் இறங்கி வீட்டுக்குப் போனால் விஷயம் கேள்விப்பட்டவர்கள் மாட்டிவிட்டுப் போன பிளாஸ்டிக் கவர் வாசல் கம்பியில் தொங்கும். உள்ளே யாரோ ஒருவரின் உளுந்து இலை, யாரோ ஒருவரின் கொத்தவரை இலை. சிலதைப் பார்த்ததுமே சொல்லிவிடுவேன். சிலதை, இது எனக்குத் தெரியவில்லை, சோதித்துச் சொல்கிறேன் என்பேன். அதுவரைக்கும் யார் பேச்சைக் கேட்டும் பக்கத்துக் கொல்லைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள் என்றும் சொல்லி அனுப்புகிறேன்.