நேராக விழுந்த கால்

ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் நான் வேலை பார்த்த ஆய்வகத்தில், விளையாட்டு வீரர்களின் அசைவுகளைக் கேமராவில் பதிந்து பிழை கண்டுபிடிப்போம். அங்கே ஒருநாள் பேஸ்பால் அணியொன்றில் பந்து எறிபவர் ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு அந்த நாட்டிலேயே பிறந்தவர். நெடிய உடம்பு, முன்னால் குறுகிய தோள்கள். ஒவ்வொரு எறிக்கும் முன் விரல்களைக் கால்சட்டையில் அழுத்தித் துடைப்பார். சில மாதங்களாக அவர் பந்துகளெல்லாம் விலகியே போயின. அணியில் இடம் போய்விடும் நிலை.

படத்தை நிறுத்திப் பார்த்ததும் காரணம் புரிந்தது. எறியும்போது அவர் முன்னால் எடுத்து வைக்கும் கால், மட்டையோடு ஆள் நிற்கும் பக்கத்தை விட்டு விலகித்தான் விழுந்தது.

“காலை ஸ்ட்ரெய்ட்டா வைங்க, சரியாயிடும்” என்றேன்.

“ஓம் அக்கா, நேரா வைச்சா பந்தும் நேராப் போகும். ஆனா அங்க ஒரு ஆள் நிக்குதெல்லே?”

முன்பு அவர் எறிந்த பந்து பட்டு ஒருவருக்கு ஒரு கண் போய்விட்டதாம்.

“எறியவும் ஏலாது அக்கா, இந்த விளையாட்டை விடவும் ஏலாது.”

நானே ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, மட்டையோடு போய் நின்றேன். எனக்கும் பயம்தான். அவர் வெகுநேரம் விரல்களைத் துடைத்துவிட்டு எறிந்தார். பந்து என்னைக் கடந்து நேராகப் போய், பின்னால் கட்டியிருந்த வலையில் விழுந்தது.

“பட்டதோ அக்கா?” என்று ஓடிவந்தார்.

“இல்லப்பா, படவே இல்ல.”

அவர் நம்பவில்லை. என் முகத்தை உற்று உற்றுப் பார்த்தார்.

அவர் போனபிறகு கேமராவில் பதிவான அந்த எறியை ஓடவிட்டுப் பார்த்தேன். கால் நேராகத்தான் விழுந்திருந்தது. ஆனால் பந்தை விடும் கணத்தில் அவர் கண்கள் இறுக மூடியிருந்தன. அது அவருக்கே தெரியுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.