பட்லர் கழுத்தில் சிவப்புக்கல்

இன்றைக்கு என் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை!

நேற்று மாலை விம்பிள்டனில் எங்கள் உள்ளூர்க் குழுவின் ஆங்கில நாடகம்; இன்றும் ஒரு காட்சி உண்டு. மூன்று வருடமாக நாற்காலி தூக்கிய எனக்கு முதல் வேடம் — விக்டோரியா காலத்துப் பிரபு வீட்டு பட்லர். வசனம் நாலே வரி. என்றாலும் வேடம் வேடம்தானே?

"நாலு வரிக்கு நான் ஏன் சீலை உடுத்து வரவேணும்?" என்று முணுமுணுத்தபடிதான் மனைவி வசந்தி வந்தாள்.

அந்தக் காலச் சட்டைக்குக் கொலர் தனி, தெரியுமா? கஞ்சி போட்டு அட்டை மாதிரி விறைத்த வெள்ளைப் பட்டி. கொலரை மட்டும் மாற்றிவிட்டு அதே சட்டையை நாலு நாள் போடலாம்... அழுக்கை மறைக்க என்ன மூளை! அதைச் சட்டையோடு பிடித்து வைப்பவை இரண்டு ஸ்டட்டுகள் — முன்னே ஒன்று, பின்னே ஒன்று.

கொலரை ஒன்லைனில் வாங்கியபோது சின்னப் பையில் இரண்டு பித்தளைக் குமிழ்களும் வந்தன. உபரிப் பொத்தான் என்று நினைத்துப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டேன். எங்கள் வீடுகளில் பொத்தான் வேறு எங்கே போகும்?

மேடையேறப் பத்து நிமிடம். "ஸ்டட் எங்கே?" என்றார் டைரக்டர் அம்மணி. வீட்டில் இருக்கும் பிஸ்கட் டின் நினைவுக்கு வந்தது. ஊசி குத்திப் பார்த்தோம், வளைந்தது. கொலர் இல்லாத பட்லரை மேடையில் விடமாட்டேன் என்றுவிட்டார் அந்த அம்மணி. மூன்று வருடம்... போச்சு!

முன்வரிசைக்கு ஓடினேன்.

"வசந்தி, தோட்டைக் கழட்டும்!"

"உங்களுக்கென்ன விசரே?"

"கொலருக்குப் பூட்ட வேணும். இல்லாட்டி நான் நடிக்க ஏலாது."

என் முகத்தைப் பார்த்தாள். பின்பக்கச் சுரையைத் திருகி இரண்டு தோட்டையும் கழற்றினாள். மேடைக்குப் பின்னால் வந்து தானே பூட்டியும் விட்டாள். கொலர் கிண்ணென்று நின்றது!

பிரபுவின் கழுத்தில் பித்தளை, பட்லரின் கழுத்தில் தங்கத்தில் பதித்த சிவப்புக்கல்! முன்னும் பின்னும் சுரை குத்தியதில் தலையை அசைக்கவே முடியவில்லை. "என்ன மிடுக்கு!" என்று டைரக்டரே கை கொடுத்தார். பழைய படங்களில் கனவான்கள் நிமிர்ந்து நிற்கும் ரகசியம் அப்போதுதான் புரிந்தது. குனிந்தால் குத்தும் ஐயா!

நாலு வரிக்கும் கைதட்டல் வந்தது. தட்டியது மூளிக் காதோடு முன்வரிசையில் ஒருத்தி மட்டும்...

காரில் மெல்லக் கேட்டேன். "நான் எப்பிடி நடிச்சனான்?"

"என்ரை தோடு நல்லா நடிச்சுது. நாளைக்கும் வேணுமே?"

"ஓம்!" என்றேன்.

ஸ்டட்டுகள் பிஸ்கட் டின்னிலேயே இருக்கட்டும்.