நடுவில் நிற்கும் நீலம்

இந்த நாட்டில் தேர்வு எழுதிக்கொண்டே சாப்பிடலாம். போனில் சொன்னபோது என் அம்மா நம்பவில்லை, நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். ஐந்து மணி நேரத் தேர்வு. ஸ்வீடன்காரர்கள் அதைத் 'தெந்தா' என்கிறார்கள். காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் ஒரு மணிக்குத்தான் முடியும். ஒவ்வொரு மேசையிலும் பேனாவுக்குப் பக்கத்தில் வாழைப்பழம், பிரட், சாக்லேட், பிளாஸ்கில் காபி. என் முன்னால் உட்கார்ந்திருந்தவள் அணு உலை இயற்பியல் வினாத்தாளை ஒரு கையால் புரட்டிக்கொண்டே மறு கையால் அவித்த முட்டையை உரித்தாள். ஆம்பூரில் நான் படித்த பள்ளியில் வாயில் ஒரு மிட்டாய் இருந்தாலே கண்காணிப்பாளர் வெளியே போய்த் துப்பிவிட்டு வரச் சொல்வார். அந்த முட்டை வாசனையில் எனக்கு முதல் பத்து நிமிடம் ஒரு வரியும் ஓடவில்லை. அது அந்தப் பாடத்தில் எனக்கு மூன்றாவது தெந்தா. தேறாவிட்டால் இரண்டாம் ஆண்டுக்குப் போக முடியாது, விசா நீட்டிப்பும் சிக்கலாகிவிடும். முட்டை உரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

இன்னொரு விசித்திரம், விடைத்தாளில் பெயர் எழுதக்கூடாது. ஒரு எண் தருவார்கள், அதுதான் நாம். மதிப்பெண் வரும்போது அவரவருக்கு அவரவருடையது மட்டும் தெரியும். யார் முதல், யார் கடைசி என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்பும் யாருக்கும் இல்லை. வந்த புதிதில் வேறொரு பாடத்தில் முதல் தேர்வின் முடிவு வந்ததும் நான் துறை அலுவலகத்துக்குப் போய், வகுப்பில் என் இடம் எத்தனையாவது என்று கேட்டேன். அங்கிருந்த அம்மையார் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, "நீ சரியாகத் தூங்குகிறாயா?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டு, மன ஆலோசகரின் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். ரேங்க் கேட்டவளுக்கு வைத்தியம் பார்க்கும் ஊர் இது.

என் இடம் எனக்குத் தெரியாமல் இருந்ததே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபோது எங்கள் பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டினார்கள். நடுவில் ஆள் உயரத்துக்கு என் முகம். கீழே ஒரு வரிசையில் தபால்தலை அளவில் மற்றவர்கள், அதில் முதலாவது நஸ்ரீன். ஆறாம் வகுப்பிலிருந்து நான் முதல், அவள் இரண்டாவது. வேலூரில் இன்ஜினியரிங் சேர்ந்தபோதும் அந்த வரிசை மாறவில்லை. அவள் என் தோழி, சந்தேகமில்லை. ஆனால் எனக்குக் கீழே இருந்த தோழி. அவளை அவ்வளவு பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. பஸ் பாஸானாலும் பரீட்சை ஃபீஸானாலும் ஒருத்திதான் வரிசையில் நிற்பாள். கையில் இரண்டு பேருடைய ஐ.டி. கார்டும் இருக்கும். எந்த விண்ணப்பத்தையும் ஒருத்தியே இரண்டு பேருக்கும் நிரப்பிவிடுவாள். கையெழுத்துகூடச் சில சமயம் அப்படித்தான். ஸ்வீடனுக்கு விண்ணப்பித்தபோதும் என்னுடையதையும் சேர்த்து அவள்தான் போட்டாள். அணுசக்திப் பொறியியல் என்ற அந்தப் படிப்பை எனக்குக் காட்டியதும் அவள்தான். அதை இங்கே சொல்லிவைக்கிறேன். ஊரில் எல்லாரும் நான் அவளை அழைத்துப் போனதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் அதை மறுத்ததில்லை.

படிப்பின் கஷ்டத்தைப் பற்றி ஊரிலிருந்து மெசேஜில் கேட்கும் தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறேன். கணக்கு கஷ்டம்தான். நியூட்ரான் எங்கே கிளம்புகிறது, எதில் மோதுகிறது, எது அதை விழுங்குகிறது, எவ்வளவு மிஞ்சுகிறது என்று எட்டே வாரத்தில் ஒரு பாடம் முடிந்துவிடும். வெப்பம், நீரோட்டம், கதிர்வீச்சுத் தடுப்பு என்று அடுத்தடுத்து வந்து மேலே விழும். ஆனால் கணக்கு என்னை வீழ்த்தவில்லை. கணக்கை நான் மனப்பாடம் செய்துவிடுவேன். பேராசிரியரை லார்ஸ் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அதற்கே எனக்கு ஒரு மாதம் ஆனது. அவர் தேர்வுக்குச் சூத்திரப் பட்டியலைக் கையில் கொடுத்துவிடுவார். கொடுத்துவிட்டு, "கணக்கிடும் முன் வரைந்து காட்டு" என்று கேட்பார்.

அணு உலை இயற்பியலின் முதல் தெந்தாவில் கேட்டது இதுதான். நியூட்ரான்களை விழுங்கும் ஒரு தகடு. இரண்டு பக்கமிருந்தும் நியூட்ரான்கள் வருகின்றன. உள்ளே எங்கே ஜாஸ்தி, எங்கே கம்மி, வரைந்து காட்டு. தகடு என்ற சொல்லைப் பார்த்ததும் என் கை ஓட ஆரம்பித்துவிட்டது. உலைக்குள் எரிபொருள் தகடு என்றால் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழும் வளைவு. அதை நான் நான்கு பக்கத்துக்குத் தலைகீழாகச் சொல்வேன். அந்த நான்கு பக்கத்தையும் ஒரு பிழையில்லாமல் எழுதிவிட்டு வந்தேன். கேள்வியோ எரிபொருளைப் பற்றியது இல்லை. விழுங்குகிற தகட்டில் ஓரத்தில்தான் அதிகம், நடுவில் குறைவு. நான் அப்படியே தலைகீழாக வரைந்திருக்கிறேன். எனக்குத் தோல்வி. நஸ்ரீன் தேறிவிட்டாள்.

வாழ்க்கையில் முதல் தடவை. மாணவர் விடுதியில் எங்கள் தளத்துக்குப் பொதுவான சமையலறையில் நின்றுகொண்டு அவளிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"அந்தத் தகடு கேள்விய எப்படிடி போட்டே?"

"இன்னாடி எப்படி? தோல வெட்டிப் பாத்த மாதிரிதான்," என்றாள். சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"எந்தத் தோலு?"

"டிரம்முல போட்ட தோலுதான். ஆசிடு உள்ள போச்சான்னு அப்பா கழுத்துப் பக்கம் தடியா இருக்கிற இடத்துல ஒரு துண்டு வெட்டுவாரு. வெட்டுன ஓரத்துல மருந்து ஒரு சொட்டு விட்டா ரெண்டு பக்கமும் மஞ்சளாவும், நடுவுல மட்டும் நீலம் நிக்கும். நீலம் நின்னா இன்னும் அங்க போய்ச் சேரல. தோலு தடிமன் ஜாஸ்தின்னா நீலமும் ஜாஸ்தி. அதத்தான் வரைஞ்சேன், அப்புறம் கணக்கு போட்டேன்."

"இது நியூட்ரான்டி. தோல் இல்ல."

"ரெண்டு பக்கத்துலேந்தும் உள்ள போவுது, போற வழியிலயே தீந்துபோவுது. நடுவுக்கு மிஞ்சறது கம்மி. வேற இன்னா?"

அவள் அப்பா டேனரியில் தோல் பதப்படுத்தும் டிரம்மை ஓட்டுகிறவர். பள்ளிநாட்களில் மதியச் சாப்பாட்டை அவள்தான் கொண்டுபோய்க் கொடுப்பாள். என் அப்பா ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். எங்கள் வீட்டில் அது பெரிய வித்தியாசம். "நம்ம கம்பெனிக்குத் தோலு ஃபினிஷ் ஆகித்தான் வரும். அந்த நாத்தம் புடிச்ச டேனரி வேற," என்பார் அப்பா. பஸ் டேனரித் தெருவைத் தாண்டும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். சாப்பாடு கொடுத்துவிட்டு வந்த நஸ்ரீன் பக்கத்தில் உட்கார்ந்தால் அரை அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். அந்த அரை அடியில் அவள் இருந்துகொண்டு, நான் காசு கொடுத்தாலும் வாங்க முடியாத ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறாள். எரிந்தது எனக்கு. புத்தகம் வைத்துப் படித்து ஜெயித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த இடத்திலிருந்து எடுத்து ஜெயித்திருக்கிறாள். இரண்டாவது தடவையும் நான் தோற்றேன். அதற்கு ஆறுதல் சொல்ல அவள் என் கதவைத் தட்டியது அதைவிட மோசமாக இருந்தது.

இப்போது எழுதப்போவதை ஊரில் யாருக்கும் நான் சொன்னதில்லை. இங்கே ஹால் டிக்கெட் கிடையாது. தேர்வுக்கு நாமே இணையத்தில் பதிய வேண்டும். இரண்டு வாரம் முன்னால் மூடிவிடுவார்கள், பிறகு யார் காலில் விழுந்தாலும் திறக்காது. வெப்பப் பாடத்தின் தெந்தாவுக்குப் பதிவு முடிகிற நாளில் நஸ்ரீனுக்கு நல்ல காய்ச்சல். "என்னோடதையும் சேத்துப் போட்டுடுடி," என்று பாஸ்வேர்டைச் சொன்னாள். ஊர் வழக்கம்தானே, நானும் சரி என்றேன். எனக்குப் பதிந்தேன். வெளியே வந்து அவள் பெயரில் உள்ளே போனேன். பொத்தான் திரையில் இருந்தது. அதற்கு மேலே, அணு உலை இயற்பியல், தேர்ச்சி என்று இருந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் வராத அந்தச் சொல்லைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து அழுத்தலாம் என்று மூடினேன். டீ குடித்தேன். அதற்குப் பிறகு திறக்கவில்லை. மறக்கவும் இல்லை.

அவள் கேட்டபோது மறந்துவிட்டேன் என்றேன். "போவட்டும், உடம்பு சரியில்லாம எழுதியிருந்தா மட்டும் கிழிச்சிருப்பேனா," என்று சிரித்தாள். அந்தப் பாடம் தேறியிருந்தால் கோடையில் ஒரு அணுமின் நிலையத்தில் பயிற்சிக்குப் போயிருப்பாள். அதுவும் போனது. அந்த இடம் எனக்கும் வரவில்லை. இந்த நாட்டில் அவள் ஒரு படி இறங்கினால் நான் ஒரு படி ஏறுவதில்லை. படிக்கட்டே இல்லாத இடத்தில் நான் அவளைத் தள்ளிவிட்டிருக்கிறேன்.

இந்த நிலையில்தான் மூன்றாவது தெந்தா. காலையில் கிளம்பும்போது சமையலறை மேசையில் ஒரு டப்பா இருந்தது. இரண்டு சப்பாத்தி, முட்டைப் பொரியல். "இங்க எல்லாரும் துன்றாங்க, நீயும் துன்னுகினே எழுது. காலி வயித்துல மூளை வேலை செய்யாது," என்றாள் நஸ்ரீன். வினாத்தாளில் இந்த முறை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் நியூட்ரான் வருகிற தடித்த தகடு, மறுபக்கம் மூடியிருக்கிறது. மனப்பாடத்தில் தேடினேன், இல்லை. பேனாவை வைத்துவிட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன், என் வாழ்க்கையில் தேர்வறையில் தின்ற முதல் வாய். ஒரு பக்கம் சதை ஜவ்வைச் சரியாக எடுக்காத தோலில் ஆசிட் அந்தப் பக்கமாக இறங்காது என்று அவள் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. வெட்டிய ஓரத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை, ஆனாலும் பார்த்தேன். ஒரு பக்கம் மஞ்சள், போகப்போக நீலம். வரைந்தேன். பிறகு கணக்கிட்டேன்.

தேறிவிட்டேன். ஆகக் கடைசி கிரேடு, ஆனாலும் தேர்ச்சி. அவள் கையால் சாப்பிட்டு, அவள் அப்பா வெட்டிப் பார்க்கும் தோலை வரைந்து தேறியிருக்கிறேன். முடிவு வந்த அன்று மாலை, ஸ்வீடன்காரர்கள் 'ஃபீக்கா' என்று சொல்லும் காபி நேரத்தில், அவள் காபியும் லவங்கப்பட்டை ரொட்டியும் வாங்கி வைத்துக் கொண்டாடியபோது சொல்லிவிட்டேன். மறக்கவில்லை, வேண்டுமென்றே பதியவில்லை, பொறாமை என்றேன்.

நஸ்ரீன் ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"என் கார்டு எத்தினி வாட்டி உன் கையில இருந்திருக்கும்? ஒரு வாட்டிகூடத் திரும்பிப் பாக்கல நானு," என்றாள். "மறந்துட்டேன்னு சொன்னே, நம்பிட்டேன் பாரு, அதான் பேஜார்."

தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு பாஸ்வேர்டை மாற்றியிருப்பாள். நான் சோதிக்கவில்லை. சமையலறையில் பார்த்தால் பேசுகிறாள், உப்பு எங்கே, அடுப்பு காலியா என்ற அளவில். அரை அடி தள்ளி நிற்பது இப்போது அவள் முறை.

போன வாரம் அம்மா ஒரு படம் அனுப்பினார். பள்ளி வாசலில் இருந்த எங்கள் பழைய பேனரை யாரோ எடுத்துப்போய்ப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டிபன் வண்டிக்கு மழைக்குக் கூரையாகக் கட்டியிருக்கிறார்கள். கம்பியில் மடித்துக் கட்டியதில் என் பெரிய முகம் மடிப்புக்குள் போய்விட்டது. ஒரு காதும் ரிப்பனும் தெரிகின்றன. வெளியே தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பது கீழ்வரிசை நஸ்ரீன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நொடியிலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. இங்கே நான் ஒரு எண், அங்கே ஒரு காது. எங்கள் ஊர் மழையில் முழு முகத்தோடு நிற்கிறவள் அவள்தான்.

பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். படத்தை அவளுக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, கதவு திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.