டீச்சர் தனக்கே போட்டுக்கொண்ட மார்க்

முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் வீட்டுக்கு வந்து நாவல் எழுத உட்கார்ந்தால், கணக்கு மட்டும் அவரை விட்டுவிடுமா என்ன? டீச்சர் ஒவ்வொரு நாளும் எழுதி முடித்ததும் சிவப்புப் பேனாவோடு சமையலறைக்கு வருவார். சுவரில் தொங்கும் காலண்டரில் அன்றைய கட்டத்துக்குள், பத்துக்கு இத்தனை என்று தனக்குத்தானே மார்க் போட்டுக்கொள்வார். பிள்ளைகளுக்கு வாரி வழங்குகிற அதே கை, தனக்கென்று வரும்போது மகா கஞ்சம். எட்டுக்கு மேல் அந்தக் காலண்டர் கண்டதில்லை.

அந்த மார்க்கை வைத்துத்தான் அவருடைய கணவர் வீட்டு நிலவரத்தைத் தெரிந்துகொள்வார். தபால் ஆபீஸில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் ‘தபால் சார்’. கோடை விடுமுறை விட்டதும் அடுப்பு அவர் கைக்கு வந்துவிடும். காலண்டரில் ஆறு என்றால் தைரியமாகப் பேச்சுக் கொடுக்கலாம். மூன்று என்றால் டீயை மேஜையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் நழுவிவிட வேண்டும்.

டீச்சருக்கு எழுதக் கிடைப்பது கோடை மட்டும்தான். ஏற்கெனவே இரண்டு புத்தகங்கள் வந்திருந்தன. சொந்தக்காரர்கள் வாங்கினார்கள், படித்தார்களா என்று கேட்கக் கூடாது. இந்த மூன்றாவது நாவல் நாலு கோடைகளாக இழுத்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷமாகப் பேசிக்கொள்ளாத அக்கா தங்கை கதை. கடைசி அத்தியாயத்தில் அக்கா பஸ் பிடித்து, படியேறி, தங்கை வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டாள். வந்தவள் கதவைத் தட்ட மாட்டேன் என்கிறாள். போன கோடையிலிருந்து அதே வாசலில் நின்றுகொண்டிருக்கிறாள்.

இந்த வருஷம் விட்டால் அவ்வளவுதான். பள்ளி திறந்ததும் டீச்சர் தலைமையாசிரியை. தலைமையாசிரியைக்குக் கோடை ஏது? புது மாணவர் சேர்க்கை, கால அட்டவணை, ஒழுகுகிற கூரை எல்லாம் அவர் தலையில்தான். “இப்ப முடியலன்னா அந்த அக்கா அங்கயே நின்னு செத்துப்போவா,” என்று டீச்சர் ஒருநாள் சாதாரணமாகத்தான் சொன்னார். எப்பாடு பட்டாவது இவளை நாவலை முடிக்க வைப்பது என்று தபால் சார் அன்றே முடிவு கட்டினார்.

கோடை நன்றாகத்தான் தொடங்கியது. டீச்சர் ஒரு வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் பழைய பரீட்சை நோட்டுகளில் மிஞ்சிய வெற்றுத் தாள்களில் எழுதுவார். ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். பதினோரு மணிக்கு வெள்ளரிக்காயும் உப்பும். மத்தியானம் இருவரும் சமையலறைத் தரையில் படுத்துக்கொள்வார்கள்; வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். உருளைக்கிழங்கை மொறுமொறுவென்று வறுப்பதில் தபால் சார் தனித் தேர்ச்சி பெற்றிருந்தார். அதைக் கடிக்கிற சத்தத்திலேயே டீச்சர் பாராட்டிவிடுவார். காலண்டரில் ஐந்து, ஆறு, ஏழு, ஆறு.

வீட்டில் ஒரே ஒரு இடைஞ்சல் இருந்தது. அதாவது, தபால் சார் அப்படி நினைத்தார். மேல்மாடியில் ஒரு பஸ் டிரைவர். மத்தியானம்தான் அவருக்கு டியூட்டி. நாற்பது வயசுக்கு மேல் வயலின் கற்றுக்கொள்ள ஆரம்பித்த மனிதர். தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரே பாட்டை எடுப்பார். நன்றாகவே போகும். கடைசி வரி வந்ததும் வில் ஒரு இடத்தில் தடுக்கி, கீச்சென்று நிற்கும். கொஞ்ச நேரம் மௌனம். மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடத்தில் கீச். இரண்டு வருஷமாக இப்படித்தான். தபால் சாருக்குப் பல் கூசும்.

இதை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படி எழுதுவாள் என்று அவருக்கு ஆற்றாமை. ஒரு காலை மாடிப்படியில் டிரைவரைப் பிடித்தார். மரியாதையாகத்தான் பேசினார். வீட்டம்மா பெரிய எழுத்தாளர், இது அவருக்குக் கடைசிக் கோடை, அந்தக் கடைசி வரியில் தடுக்குவது காதில் விழுந்தால் சிந்தனை அறுந்துபோகிறது, பள்ளி திறக்கும் வரை பொறுத்துக்கொண்டால் புண்ணியமாகப் போகும் என்றார். டிரைவரின் முகம் சுண்டிப்போனது. அதற்கென்ன சார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து மேல்மாடியில் ஈ காக்கா சத்தமில்லை. தபால் சார் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு ஒரு தர்பூசணி வாங்கி வந்தார்.

அன்றைக்குக் காலண்டரில் நாலு. மறுநாள் மூன்று. அப்புறம் ஒன்று.

சமையலில்தான் கோளாறு என்று அவர் நினைத்தார். எண்ணெயைக் குறைத்தார், மறுநாள் கூட்டினார். பழச்சாறு பிழிந்தார், முட்டையை நாலு விதமாகச் செய்தார். டீச்சருக்குத் தின்றதும் தெரியவில்லை, தின்னாததும் தெரியவில்லை. எழுதியதையெல்லாம் கிழித்தார். பிறகு கிழிப்பதற்கும் ஒன்றும் இல்லாமல் போனது. பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கையில் காலண்டரில் ஒரு முட்டை விழுந்தது. அடுத்த நாள் இன்னொன்று.

கடிதம் பிரித்த கண் அல்லவா? மறுநாள் காலை காலண்டர் முன்னால் நின்று கட்டங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனார். மார்க் சரியத் தொடங்கிய தேதியில் விரல் நின்றது. அவர் டிரைவரிடம் பேசியதற்கு மறுநாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. அடுப்பில் கிழங்கு கருகுகிற வாடை வந்தும் அவர் நகரவில்லை.

ஒளிக்கத் தெரியாத மனிதர். அப்படியே போய் டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். டீச்சர் வாளியிலிருந்து காலை எடுத்தார். துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். கத்தியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“எனக்காக எல்லாத்தையும் செய்றீங்க,” என்றார் கடைசியில். “எனக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளைப் பற்றி எல்லாம் தெரியும் என்று இருந்தது எவ்வளவு பெரிய திமிர் என்று தபால் சாருக்குத் தோன்றியது. சட்டையை மாட்டிக்கொண்டு மாடிக்கு ஓடினார். டிரைவர் இல்லை; வயலினைத் தூக்கிக்கொண்டு தினமும் காலையில் வெள்ளெனவே டிப்போவுக்குப் போய்விடுகிறார் என்றாள் அவர் மனைவி.

டிப்போவில், பழுதாகி ஓரங்கட்டிய ஒரு பஸ்ஸின் கடைசி சீட்டில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். மடியில் வயலின். மெக்கானிக்குகள் இரண்டு பேர் கேலி பேசிக்கொண்டே டயர் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தபால் சார் பஸ்ஸுக்குள் ஏறி, முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நடந்ததைச் சொன்னார். மன்னிப்பும் கேட்டார். வயசில் சின்னவரிடம் மன்னிப்புக் கேட்பது அவருக்குப் புதுசு. இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது, முதல் தடவை டயர் சத்தத்தில் காதில் விழவில்லை.

“நான் தடுக்கறது அவங்களுக்குத் தொந்தரவுன்னு சொன்னீங்களே சார்,” என்றார் டிரைவர்.

“அது எனக்குத்தான் தம்பி தொந்தரவு. அவ பேர்ல சொல்லிட்டேன்.”

டிரைவர் வில்லைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. தபால் சார் நடந்தே வீடு வந்து சேர்ந்தார். டீச்சரிடம் எதையும் உறுதியாகச் சொல்ல அவரால் முடியவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கு மேலே நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. பாட்டு தொடங்கியது. தபால் சார் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினார். உள்ளே டீச்சர் வாக்கியம் சொல்லிப் பார்க்கிற குரலும் நின்றது. கடைசி வரி வந்தது. கீச் வரவேண்டிய இடம் வந்தது. வரவில்லை. வில் அந்த இடத்தைத் தாண்டி, நிதானமாகப் போய்ப் பாட்டை முடித்தது. பன்னிரண்டு நாள் ஓட்டை பஸ்ஸில் ரோஷத்தோடு உட்கார்ந்து பழகியது வீண்போகவில்லை. டிரைவருக்கே நம்ப முடியவில்லை போலும். முழுப் பாட்டையும் திரும்ப வாசித்தார். மறுபடியும் தாண்டினார்.

டீச்சர் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். கையில் பேனா. முகத்தில் என்ன இருக்கிறது என்று தபால் சாருக்குப் படிக்கத் தெரியவில்லை. தடுக்காமல் வாசித்ததும் அவளைக் கெடுத்துவிட்டதோ என்று பயந்தார்.

“நான் வேணா போய், பழையபடி தப்பாவே வாசிக்கச் சொல்லட்டுமா?” என்றார். இந்தத் தடவை கேட்டார், பாருங்கள்.

டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கவே கண் நிறைந்துவிட்டது.

“வேணாம். அவரும் தினமும் அந்தக் கடைசி வரியில வந்து தடுக்கி நிப்பாரு, நானும் இந்தக் கடைசி அத்தியாயத்துல நிப்பேன். ஒரு துணையா இருந்துச்சு. ஆனா அவரு வெக்கப்படாம திரும்பத் திரும்ப வந்தாரு. நான்தான் நின்னுட்டேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இப்ப அவரு தாண்டிப் போய்ட்டாரு. இனிமே எனக்குச் சாக்கு இல்ல.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று வெள்ளரிக்காய் கேட்கவில்லை. கேட்காததால் தபால் சாரும் கொண்டுபோகவில்லை.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை மத்தியானம், சமையலறைத் தரையில் படுத்திருந்தவர் பக்கத்தில் டீச்சர் வந்து உட்கார்ந்தார். கடைசித் தாளைப் படித்துக் காட்டினார். அக்கா வாசலில் நிற்கிறாள். திரும்பிப் போக இரண்டு படி இறங்குகிறாள். மறுபடி ஏறுகிறாள். தட்டுகிறாள். அவ்வளவுதான், முடிந்தது.

தபால் சார் எழுந்து உட்கார்ந்தார். தங்கச்சி கதவைத் திறந்தாளா இல்லையா என்று கேட்டார்.

“தெரியல,” என்றார் டீச்சர். “அது தங்கச்சி இஷ்டம். நான் அதையும் முடிவு பண்ணக் கூடாதுல்ல?”