இந்த முறை டுக்நாட் இல்லை

குன்வோர், ஊர்ப் பள்ளியின் நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவள். அந்த மேற்கு நார்வே ஊரில் கடல் வீட்டு வாசல்வரை வரும். நீந்தத் தெரியாத பிள்ளையை வைத்துக்கொண்டு யாராலும் நிம்மதியாக இருக்க முடியாது. ஆனால் குளத்தில் ஏதாவது பழுதானால் நகராட்சி கைவிரித்துவிடும். உடனே ஒரு சனிக்கிழமை ஊரே வாளியும் பிரஷ்ஷுமாகக் கூடும். கூலியில்லாத அந்தக் கூட்டுவேலைக்கு டுக்நாட் என்று பெயர். வராதவர்களைப் பற்றி வருஷம் முழுக்கப் பேச்சு ஓடும்.

அந்த இலையுதிர் காலத்தில் வெந்நீர்க் குழாய்கள் பழுதாகி, குளத்தை மூடிவிட்டார்கள். டுக்நாட் எப்போது என்று எல்லோரும் குன்வோரைக் கேட்டார்கள்.

அவள் மனதிலோ வேறொரு கேள்வி. கூரை ஒழுகியபோது ஊர்தான் அடைத்தது. சுவர் உரிந்தபோதும் ஊர்தான் பூசியது. எதிரே கடலில் கூண்டு கூண்டாக மிதக்கும் சால்மன் மீன் பண்ணை இந்த ஊருக்கு என்ன வரி கட்டுகிறது? விசாரித்தபோது பதில் சுலபமாகவே கிடைத்தது. மீன் கூண்டுகள்மீது சொத்துவரி விதிக்க நகராட்சி மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. யாரும் கேட்கவில்லை, அவர்களும் விதிக்கவில்லை.

அவள் கணவன் தூர்லைஃப் அந்தப் பண்ணையில்தான் தீவனம் போடுகிறான்.

"எங்க கம்பெனி மேலயே வரி போடச் சொல்லப் போறியா? ரொம்ப நல்லது."

"நம்ம வீட்டுக்கு வரி கட்டுறோம்ல? அந்தக் கூண்டு மட்டும் என்ன, ராஜா வீட்டு மாப்பிள்ளையா?"

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "என் வேலை போயிடாம மட்டும் பாத்துக்க" என்றான்.

குன்வோர் வீடு வீடாகப் போய், வரி போடும்படி மன்றத்தைக் கேட்போம், அதுவரை டுக்நாட் வேண்டாம் என்றாள்.

"டுக்நாட் வேண்டாமா?" அவள் தோழி ஓஷில் காபியைக் கீழே வைத்தாள். "உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையாடி?"

"நாம பூசிக்கிட்டே இருக்குற வரைக்கும் ஓட்டை யார் கண்ணுக்கும் தெரியாதுடி."

ஊர்க்கூட்டத்தில் பண்ணை மேலாளர் ஹால்வார் எழுந்தார். "குழாய் செலவ கம்பெனியே பரிசா குடுத்துடும். நமக்குள்ள வரியெல்லாம் எதுக்கு?"

கைதட்டல். குன்வோரின் கைகளும் பாதிவரை எழுந்தன. சட்டென மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரொம்ப சந்தோஷம், ஹால்வார். அடுத்து கூரை போனா?"

"கேளுங்க, பாத்துக்கலாம்."

"அதான் எனக்குப் புரியல. நான் வரி கட்டுறப்ப யாரும் என்னைக் கேட்டுப் பாக்குறதில்ல, கைதட்டுறதுமில்ல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தூர்லைஃப் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டிசம்பரில் வரித் தீர்மானம் சொற்ப வித்தியாசத்தில் நிறைவேறியது. கம்பெனி பரிசை விலக்கிக்கொண்டது. வரிப்பணமோ அடுத்த வருஷம் பாதிக்கு மேல்தான் வரும்; அதுவரை குளம் திறக்காது.

அந்தக் குளிர்காலம் முழுக்கப் பிள்ளைகள் உடற்பயிற்சிக் கூடத்து பெஞ்சுகளில் குப்புறப் படுத்துக் காற்றில் நீந்தினார்கள்.

"பரிசை வாங்கியிருந்தா இந்நேரம் தண்ணிக்குள்ள இருந்திருப்பாங்க" என்றார் ஒரு தகப்பன்.

குன்வோருக்கும் அந்த யோசனை வராமல் இல்லை. "இருந்திருப்பாங்க" என்று ஒப்புக்கொண்டு, தவளைபோல் உதைக்க வசதியாக அவர் மகளின் முழங்கால்களை இன்னும் கொஞ்சம் அகட்டி வைத்தாள்.