அலமேலு அக்காவின் கிடாய்

மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வரிசை வீடுகளில் அலமேலு அக்கா ஒரு கிடாய் வளர்த்தார். மகள் விஜயாவின் கல்யாணத்துக்கு மறுநாள் கறி விருந்து வைக்க வேண்டும், அதற்காக. புருஷன் இல்லை. துணி துவைத்துக் கொடுத்து வாழ்ந்தவர். குரலை உயர்த்த மாட்டார், சொன்னதை மாற்றவும் மாட்டார்.

ஐம்பத்தேழாம் வருஷம். மலாயாவுக்குச் சுதந்திரம் வருகிறதே, நம்மை நாமே ஆளப் பழக வேண்டாமா என்று வரிசைக்காரர்கள் கூட்டம் போட்டோம். எங்களுக்குப் பெரிய தொல்லை ஆடுதான். அவிழ்த்துவிட்டால் அடுத்தவன் கீரைப் பாத்தியில் நிற்கும். அப்படிப் பிடிபடும் ஆட்டை அறுத்துப் பொதுவில் பங்கு போடுவது என்று தலைவர் சேதுபதி ஒரு சட்டம் சொன்னார். எல்லோரும் கை தூக்கினோம், அலமேலு அக்கா தவிர.

"கீரை தின்னதுக்கு மரண தண்டனையா? ஆட்டை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"ஆட்டுக்கு ஏதுலா ஓட்டு," என்றார் சேதுபதி.

முதலில் மாட்டியது என் ஆடு. பங்கு போட்டார்கள். அக்காவும் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டார்.

சுதந்திரத்துக்கு முந்தின வாரம் அக்காவின் கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு போய் சேதுபதியின் பாத்தியிலேயே நின்றது. அவரே அதைப் பிடித்து வந்து அக்கா வாசலில் கட்டினார்.

"கல்யாண ஆடு. நான் பாக்கலன்னு வெச்சுக்குங்கக்கா."

அக்கா என்னைக் காட்டினார். "இந்தத் தம்பி ஆட்டை மட்டும் பாத்தீங்க?"

"நீங்கதான் அந்தச் சட்டமே வேணாம்னு சொன்னீங்களே."

"சொன்னேன், தோத்தேன். தோத்தாலும் அது என் சட்டமும்தான். எனக்கு மட்டும் விட்டா அது உங்க தயவு. சட்டம் பிடிக்கலன்னா கூட்டத்தைக் கூட்டி மாத்துவோம்."

கூட்டினோம். இனி மேய்ந்த ஆட்டுக்குச் சொந்தக்காரர் பாத்தியைத் திரும்ப நட்டு, வளரும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார் அக்கா. அத்தனை கையும் உயர்ந்தது. சேதுபதிக்கு நிம்மதி.

"அப்ப கிடாய் தப்பிச்சிருச்சு."

"அது பழைய சட்டத்துல மாட்டுனது," என்றார் அக்கா.

சுதந்திரத்தன்று அறுத்தோம். பங்கு போட்டுச் சாப்பிட்டோம். உப்பு கம்மி என்றார் அக்கா.

தை மாதம் விஜயா கல்யாணம். மறுநாள் விருந்தில் செங் ஊரிலிருந்து வந்த சம்பந்திகள் இலையைப் பார்த்தார்கள், பிறகு அக்காவைப் பார்த்தார்கள்.

"கறி எங்க சம்பந்தி?"

"சுதந்திரத்துக்கே போட்டாச்சு. சாம்பாரு ஊத்திக்குங்க," என்று சொல்லிவிட்டு, அக்கா வாளியோடு அடுத்த இலைக்குப் போனார்.